பாஷாவின் மகள்களுக்கு வியர்க்கவில்லை

வடக்கே மாத்தர் சமவெளியில் ஜலீலா பிறந்த வீட்டின் முற்றத்தில் இரண்டு தபூனா அடுப்புகள் இருந்தன. ஒன்று அம்மாவுடையது, மற்றது பெரியம்மாவுடையது. இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாவு மட்டும் பொது. ஒரே தொட்டியில் பிசைந்ததை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு போய் ரொட்டி சுடுவார்கள். மைதா மாவு பிசைந்த நாளில் அம்மாவின் ரொட்டி தலையணை போல உப்பும், பெரியம்மாவுடையது செருப்புத் தோலாக வரும். ரவை மாவு பிசைந்த நாளில் எல்லாம் தலைகீழ். பெரியம்மாவின் ரொட்டி வாயில் கரையும், அம்மாவுடையதை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நடந்துவிடும்.

"அப்போ எந்த மாவு நல்ல மாவு?" என்று ஒரு நாள் சிறுமி ஜலீலா இரு அடுப்புக்கும் நடுவில் நின்று கேட்டாள். வலது கன்னத்தில் அம்மா ஒன்று வைத்தாள், இடது கன்னத்தில் பெரியம்மா ஒன்று வைத்தாள். அந்த இரு பெண்களும் ஒற்றுமையாகச் செய்த காரியம் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

கேள்வி மட்டும் ஜலீலாவோடு வளர்ந்தது. படித்து முடித்து, மாத்தரிலேயே மாடு வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காளைகளுக்குத் தரவரிசை போடும் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் என்ன உத்தியோகம் என்று கேட்டால், "ஆம்பளைங்களைத் தரம் பிரிக்கிறது. மகள்களோட பாலை வச்சு அப்பன் தேறுவானா மாட்டானான்னு சொல்லுவேன்" என்பாள். வந்தவர்கள் தேநீரில் மிதக்கும் பைன் கொட்டையைக்கூட எடுத்துத் தின்னாமல் எழுந்துபோய்விடுவார்கள். ஜலீலா அந்தக் கொட்டைகளையும் சேர்த்துத் தின்றுவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

வேலை வெளியே சிரிப்பாகத் தெரியும். உள்ளே நுழைந்தால் தலை சுற்றும். ஒரு பசு இவ்வளவு பால் கறக்கிறது. ஏன்? கொஞ்சம் அப்பன் தந்தது, கொஞ்சம் அம்மா தந்தது. கொஞ்சம் தீவனம், கொஞ்சம் கொட்டகை, கொஞ்சம் மாதம், கொஞ்சம் வெயில். இவை ஒவ்வொன்றையும் கணக்கில் பிரித்து ஒவ்வொரு பெட்டியில் போட வேண்டும். எல்லாம் போட்ட பிறகும் எதிலும் சேராமல் கொஞ்சம் பால் நிற்கும். அதற்குக் கடைசிப் பெட்டி. மற்ற அலுவலகங்களில் அதை மிச்சம் என்று எழுதுவார்கள். ஜலீலா தன் கணினியில் அதற்கு இட்ட பெயர், "அல்லாஹ் அறிவான்."

மேலதிகாரி ஸீ முக்தார் அதைப் பார்த்துவிட்டு மீசைக்குள் சிரித்தார். "நல்ல பேரு. அந்தப் பெட்டியில மட்டும் கை வைக்காதே, அது நம்ம இலாகா இல்ல."

அந்த ஆண்டுகளில் தரவரிசையின் உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்த காளைக்குப் பாஷா என்று பெயர். பாஷாவை மாத்தரில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அவர் கடல் தாண்டி, உறைந்த விந்தாக, எஃகுக் குடுவையில் புகைந்துகொண்டு வந்தவர். அவருடைய மகள்கள் கறந்த பாலில் மாத்தரின் பூனைகள் கொழுத்துச் சுவர் ஏற முடியாமல் போயின; எலிகள் பட்டப்பகலில் வீதியின் நடுவில் நடந்தன. பட்டியலின் அடியில் இன்னொரு காளை கிடந்தது. அலுவலகத்தில் எல்லோரும் பரிதாபப்பட்டு அதற்கு மிஸ்கீன், அதாவது ஏழை ஆண்டி, என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் மகள்களை ஏழைகள் வாங்கினார்கள், அல்லது யாரும் வாங்கவில்லை.

ஜலீலாவின் தங்கை மப்ரூகாவைத் தெற்கே ரெகெப் ஊரில் லஸ்ஹர் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாடு வாங்கப் போகிறோம், யாருடைய மகளை வாங்கலாம் என்று மப்ரூகா கேட்டபோது ஜலீலா மூச்சு விடுவதற்குள் சொன்னாள்: "பாஷா. யோசிக்கவே வேணாம்." லஸ்ஹர் வாங்கிய கிடேரிக்கு ஜௌஹரா, அதாவது மாணிக்கம், என்று பெயர். காளைகளுக்கு மார்க் போடுகிறவளே சொல்லிவிட்டாள் என்று ரெகெப்பில் வசதி உள்ளவர்கள் எல்லாம் பாஷாவின் மகள்களையே இறக்கினார்கள். பிந்தி வந்தவர்களுக்கும் விதவை தாவூஸைப் போன்றவர்களுக்கும் மிஸ்கீனின் மகள்கள் கிடைத்தார்கள்.

பிறகு ஷ்ஹீலி அடித்தது. பாலைவனத்திலிருந்து வரும் அந்தக் காற்று எல்லாக் கோடையிலும் வரும்தான். ஆனால் அந்த வருஷத்து ஷ்ஹீலி வேறு. மிளகாய்ச் சரம் காயப்போட்டவர்கள் மாலையில் எடுக்கப் போனால் கொடியில் இடித்த தூள் தொங்கியது. கழுதைகள் தங்கள் நிழலை யாரும் மிதித்தால் உதைத்தன. நம்பாதவர்கள் ரெகெப்புக்குப் போய்க் கழுதைகளையே கேட்டுக்கொள்ளட்டும். பாஷாவின் மகள்கள் நாக்கை வெளியே போட்டு, இரைத்து இரைத்து நின்றார்கள். மடி வற்றியது. தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு காலையில் மப்ரூகா தொலைபேசியில் வந்தாள்.

"யா ஒஹ்தி, அக்கா, உன் பாஷாவோட மாணிக்கத்தப் பத்திப் பேசணும். ஒரு குவளை லெபன் மோர் கடையக்கூடப் பால் இல்ல."

"தண்ணி ஒழுங்கா காட்டுறீங்களா? தீவனம்?"

"கேப்பேன்னு தெரியும்! வடக்கத்திக்காரங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க, தெக்க மாடு வளக்கத் தெரியலன்னு. இங்க என்ன சொல்றாங்க தெரியுமா? ஜலீலா சீக்குப்பிடிச்ச வம்சத்த நம்ம தலையில கட்டிட்டான்னு. வர்ற சந்தைக்கு எல்லாத்தையும் கசாப்புக்காரன் வண்டியில ஏத்தப் போறாங்க. என் ஜௌஹராவையும்தான்."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு மப்ரூகா."

"எத வச்சுப் பொறுக்கச் சொல்லட்டும்? உன் சொல்ல வச்சா? உன் சொல்ல நம்பித்தான் வாங்கினோம்." பிறகு குரல் உடைந்து வந்தது. "அவளை நான் கைக்குழந்தை மாதிரி வளத்தேன்."

இணைப்பு அறுந்தது. ஜலீலாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குற்றம் வம்சத்தில் என்றால் மாத்தரின் பூனைகள் ஏன் கொழுத்தன? குற்றம் வளர்ப்பில் என்றால் அதே ரெகெப்பில் தாவூஸின் மாடு ஏன் இரண்டு வேளையும் கறக்கிறது? சந்தைக்குள் பதில் தெரியாவிட்டால் ஜௌஹரா கொக்கியில் தொங்குவாள். தங்கை ஆயுசுக்கும் பேச மாட்டாள். பிறந்த வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் எத்தனை காலம் பேசாமல் இருந்தார்கள் என்பதை அவள் கண்ணால் பார்த்தவள்.

முதலில் ரெகெப்பின் எந்த மாடு யாருடைய மகள் என்று சரியாகத் தெரிய வேண்டும். பல கை மாறி வந்ததில் பாதி மாடுகளின் எண் பொறித்த காதுத் தோடுகள் தொலைந்துபோயிருந்தன. அங்கே வீடு வீடாகப் பால் எடுப்பவர் பெல்காஸெம். வாயும் பெருமையும் ஒரே அளவாக உள்ள மனிதர். அவருக்குக் கைபேசியில் பொத்தானை அழுத்தி அழுத்திச் செய்தி அனுப்பினாள்: ஒவ்வொரு மாட்டுக்கும் அதன் இது என்னவென்று உடனே தெரிவிக்கவும். அந்த 'இது' இருந்த இடத்தில் அவள் எழுதியது மூன்றெழுத்து. ஐன், ரே, காஃப்.

அரபியில் உயிர்க்குறியை யார் மெனக்கெட்டு எழுதுகிறார்கள்? அந்த மூன்றெழுத்தை எர்க் என்று படித்தால் வேர், குலவழி. ஜலீலாவின் அப்பா மாட்டின் வம்சத்தை அப்படித்தான் சொல்வார். அவளுக்கும் அதுவே பழக்கம். பெல்காஸெம் வம்சத்தை அஸ்ல் என்பவர். அவர் அதே மூன்றெழுத்தை அரக் என்று படித்தார். அரக் என்றால் வியர்வை.

மறுநாள் மாலை முதல் பதில்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"லஸ்ஹர் வீட்டு ஜௌஹரா: காய்ந்த எலும்பு."

"தாவூஸ் வீட்டுக் கறுப்பி: கல்யாண மாப்பிள்ளை போலத் தொப்பலாக நனைந்திருக்கிறாள்."

"பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பெரியவள்: ஒரு பொட்டு ஈரம் இல்லை. இரைப்பு அதிகம்."

"லஸ்ஹர்: நன்றாக வியர்க்கிறது. மனைவி பக்கத்தில் நின்றாள்."

ஜலீலா உடனே அவரைக் கூப்பிட்டாள். "அம் பெல்காஸெம், பெரியவரே, என்ன இதெல்லாம்? நான் என்ன கேட்டேன், நீங்க என்ன அனுப்புறீங்க?"

"நீ கேட்டதைத்தான் மகளே. அரக் கேட்டே. உச்சி வெயில்ல ஒவ்வொரு மாட்டோட தோளுக்குப் பின்னாலயும் கைய வச்சுப் பாத்தேன். இந்த வேலைய இந்த தேசத்துல வேற ஒருத்தன் செஞ்சிருக்க மாட்டான். ரெண்டு மாடு உதைச்சது. ஒரு வீட்டுல வீட்டுக்காரி உதைக்க வந்தா."

"அரக் இல்ல! எர்க்! அப்பன் யாருன்னு கேட்டேன்!"

"அப்பன் பேரா? அதுக்கு எதுக்கும்மா வெயில்ல போகணும்? எந்த மாடு எந்த வண்டியில வந்து இறங்குச்சுன்னு ஊருக்கே தெரியுமே. எழுதிக்கோ." நின்ற இடத்திலேயே ஒப்பித்துவிட்டு, கடைசியில் கேட்டார்: "அப்போ என் முதுகு வெந்தது வீணா?"

"வீண்தான்" என்று சொல்லிவிட்டு ஜலீலா கைபேசியை மேசையில் போட்டாள்.

வியர்வைச் செய்திகளை அழிக்கத்தான் பிறகு அதை எடுத்தாள். பக்கத்தில் அப்பன் பெயர்கள் எழுதிய தாள் கிடந்தது. கண் ஒருமுறை இங்கும் ஒருமுறை அங்கும் போனது. பாஷாவின் மகள், காய்ந்தவள். பாஷாவின் மகள், காய்ந்தவள். மிஸ்கீனின் மகள், நனைந்தவள். மறுபடி பாஷா, மறுபடி வறட்சி. கட்டைவிரல் அழிக்கும் பொத்தானின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

தன் கணக்கில் வெயிலை எப்படி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்ன அளவு சூடு ஏறினால் எல்லா மாட்டுக்கும் இன்ன அளவு பால் குறையும் என்று ஒரே சரிவாகப் போட்டிருந்தாள். எல்லோருக்கும் ஒரே வெயில்தானே! ஆனால் ஒரே வெயில் ஒவ்வொரு உடம்பிலும் ஒரேமாதிரியா இறங்குகிறது? அந்த ஒற்றைச் சரிவை எடுத்தாள். ஒவ்வொரு காளைக்கும் அதற்கென்று தனியாக ஒரு சரிவு கொடுத்தாள்: சூடு ஏற ஏற உன் மகள்களின் பால் எப்படிப் போகும், நீயே சொல். வடக்கிலும் தெற்கிலும் பல வருஷமாகச் சேர்ந்த பால் கணக்கையும், அந்தந்த நாளின் வெயிலையும் உள்ளே கொட்டி, கணினியை ஓடவிட்டாள். பழைய கணினி. அது எண்ணெய்ச் செக்கு மாதிரி முனகி முனகி அரைத்தது.

திரையில் கோடுகள் விழுந்தன. பாஷாவின் கோடு மற்றெல்லாவற்றுக்கும் மேலே பள்ளிவாசல் கோபுரத்தின் உச்சியில் தொடங்கியது. சூடு ஏற ஏற, படி தவறினவனைப் போலக் கீழே உருண்டது. மிஸ்கீனின் கோடு தரையோடு தரையாகத் தொடங்கி, எந்த அவசரமும் இல்லாமல், வெயிலை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டின. அதற்கு அப்பால் மேலே இருந்தவன் கீழே, கீழே இருந்தவன் மேலே.

ஜலீலா நாற்காலியை விட்டு எழுந்தாள். தொழுகைக்கு எழுகிறவளைப் போல எழுந்தாள் என்று ஸீ முக்தார் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அவளுக்குப் பிறந்த வீட்டு முற்றத்து அடுப்புகள் நினைவு வந்திருந்தன. பால் சுரப்பது உடம்புக்குள் அடுப்பு எரிப்பது. பாஷா தன் மகள்களுக்குக் கொடுத்த சீதனம் பெரிய அடுப்பு. மாத்தரில் கடல் காற்று அதை ஆற்றிக்கொண்டே இருக்கிறது, அதனால் அது வரம். ரெகெப்பில் வெளியேயும் நெருப்பு. தோலோ வியர்த்து ஆற்றத் தெரியாத தோல். அங்கே அதே சீதனம் அவர்களை உள்ளிருந்து வேகவைக்கிறது. மிஸ்கீன் கொடுத்தது சின்ன அடுப்பு, கூடவே நனைகிற தோல். கொடுத்த பொருள் மாறவில்லை. விழுந்த இடம் அதன் பெயரை மாற்றிவிட்டது. ஒரு துளி விந்துக்குள் ஒரு எண் இருக்கிறது என்று இத்தனை வருஷம் எழுதிவந்தாள். இருந்தது எண் அல்ல, ஒரு முழுப் பயணம். எந்த ஊர், என்ன காற்று என்று கேட்டுக் கேட்டுத் திரும்பும் பாதை.

ஸீ முக்தார் திரையைப் பார்த்தார். பிறகு கடைசிப் பெட்டியைப் பார்த்தார். "அல்லாஹ் பெட்டி சின்னதாயிடுச்சே, ஜலீலா!"

"சின்னதா தெரியுது ஸீ முக்தார். உள்ள எட்டிப் பாத்தேன். முன்னைவிட ஆழமா இருக்கு."

சந்தை நாள் விடியலில் அவள் தெற்கே போகும் லுவாஜ் என்கிற பங்கு வாடகை வண்டியில் ஏறினாள். இரு கோடுகளும் வெட்டிக்கொண்ட சூடு எத்தனை டிகிரி என்பது மனத்தில் பச்சை குத்தினதுபோல இருந்தது. கைருவான் நகருக்குச் சற்று முன்பு வண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றது. சுவரில் எண்ணெய்க் கம்பெனி விளம்பரத்தோடு ஒரு வெப்பமானி. அது காட்டியது அதே டிகிரி.

ஜலீலா இறங்கினாள். தர்ப்பூசணிக் குவியல், ஒரு சுருண்ட நாய், காற்றில் புரளும் பிளாஸ்டிக் பை. கொடி இல்லை, எல்லைக் கல் இல்லை, காவல் இல்லை. இந்த இடத்தில் இந்த வேளையில் அரசனும் ஆண்டியும் சமம், அது இந்த நாய்க்குக்கூடத் தெரியாது! அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு காலை வடக்கே வைத்து இன்னொரு காலைத் தெற்கே எடுத்துவைத்துப் பார்த்தாள்.

"என்ன லல்லா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இதுவரைக்கும் பாஷாதான் ராஜா" என்றாள் ஜலீலா, வேறு உலகத்திலிருந்து. "இங்கேருந்து மிஸ்கீன் ராஜா."

வண்டிக்குள் பேச்சு சட்டென்று நின்றது. ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு முன் விரித்தார். இன்னொருவர் கண்ணை இறுக மூடிக் குறட்டை விட்டார். ஆட்சியைப் பற்றிய பேச்சு போலீஸ் காதில் விழுந்துவிடுமோ என்று ஓட்டுநர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "ஏறுங்க லல்லா. நாங்க யாரும் எதுவும் கேக்கல. எங்களுக்குக் குடும்பம் இருக்கு" என்றார். ரெகெப் வரை வண்டியில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

அவள் சந்தைக்குள் ஓடியபோது ஜௌஹராவின் முன்னங்கால்கள் கசாப்பு வண்டியின் பலகை மேல் இருந்தன. லஸ்ஹர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். மப்ரூகா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். பக்கத்தில் பெல்காஸெம், தாவூஸின் கறுப்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"லஸ்ஹர், நிறுத்து!"

"வாங்க லல்லா ஜலீலா!" லஸ்ஹர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து சலாம் போட்டான். "பாஷாவோட சம்பந்தி வந்திருக்காங்க, வழி விடுங்கப்பா! இன்னைக்கு யாருக்கு முதல் மார்க்?"

"கிண்டல் பிறகு பண்ணு. கைய குடு." அவன் கையைப் பிடித்து இழுத்து ஜௌஹராவின் தோளுக்குப் பின்னால் வைத்தாள். "என்ன இருக்கு?"

"அனல் இருக்கு. காய்ச்சல்காரி மாதிரி கொதிக்குது."

அதே கையைக் கறுப்பியின் தோளில் வைத்தாள். லஸ்ஹர் கையை எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை வெயிலில் பளபளத்தது.

"இவ நனைஞ்சிருக்கா" என்றான் மெதுவாக.

"நான் சொன்னேன்ல!" என்று பெல்காஸெம் கூட்டத்தைப் பார்த்து மார்பை நிமிர்த்தினார்.

"உன் மாட்டுக்குச் சீக்கு இல்ல லஸ்ஹர். உன் வளர்ப்பும் தப்பில்ல. நான் சொன்ன சொல்லும் பொய்யில்ல, ஆனா பாதிச் சொல்லு. இவ மாத்தர்ல முதல், இங்க கடைசி. ரெண்டும் இவளேதான்."

"அப்போ நான் என்ன செய்யணும்? ரெகெப்பத் தூக்கிட்டுப் போய் மாத்தர் பக்கத்துல வைக்கவா?"

"மாட்டைத் தூக்கு. ஊரை விட லேசு." கூட்டம் சிரித்தது. "மாத்தர்ல எங்க சித்தப்பா கொட்டகையில மிஸ்கீன் மகள் நாலஞ்சு நிக்குது, வாங்க ஆளில்லாம. மாட்டுக்கு மாடு மாத்திக்கோ. மத்தவங்களும் மாத்திக்கட்டும். நான் எழுதித் தர்றேன்."

"குடுக்க மாட்டேன்." அதுவரை பேசாமல் நின்ற மப்ரூகா முக்காட்டை விலக்கி, லஸ்ஹரிடமிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். "சாகக் குடுக்கவும் மாட்டேன், மாத்திக் குடுக்கவும் மாட்டேன். என் ஜௌஹரா எனக்கு வேணும்."

ஜலீலா தங்கையின் இரு தோளையும் பிடித்தாள். "வடக்க போய் அவ பொழைக்கட்டும்டி. குளிர் வந்ததும் அவளுக்கு மிஸ்கீனோட சினை ஊசி போடச் சொல்றேன். பொறக்கிற பொண்ணு உனக்கு. அம்மாவோட மடி, அப்பாவோட தோலு."

"ரெண்டும் சேந்து வரும்னு என்ன நிச்சயம்?"

எல்லோரும் ஜலீலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நிச்சயம் இல்ல" என்றாள். "அது கடைசிப் பெட்டியில இருக்கு."

முதல்முறையாக அக்கா 'யோசிக்கவே வேணாம்' என்று சொல்லவில்லை என்பதாலோ என்னவோ, தங்கையின் கை கயிற்றைத் தளர்த்தியது. ஜௌஹரா பலகையிலிருந்து பின்வாங்கி, கசாப்புக்காரரின் பாதத்தில் ஒரு மிதி மிதித்துவிட்டு இறங்கினாள்.

அந்த வாரமே ரெகெப்பிலிருந்து பாஷாவின் மகள்கள் வண்டி வண்டியாக வடக்கே போனார்கள், மாத்தரிலிருந்து மிஸ்கீனின் மகள்கள் தெற்கே வந்தார்கள். அந்தப் பெட்ரோல் நிலையத்தின் முன் வண்டிகள் ஒன்றையொன்று கடந்தபோது, சீதனப் பாத்திரங்களோடு புகுந்த வீடு போகும் மணப்பெண்களைப் போல மாடுகள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டதாகத் தர்ப்பூசணி வியாபாரி சத்தியம் செய்கிறார். ஜௌஹராவுக்கு மாத்தர் காற்று பட்டு, மழை வந்து புல் முளைத்ததும் மடி நிறைந்தது. மிஸ்கீனின் ஊசிக்குப் பிறந்த முதல் ஈற்று காளைக்கன்று. மப்ரூகா தொலைபேசியில் சிரித்த சிரிப்பில் கோபம் பாதி, வேடிக்கை பாதி. "உன் பெட்டிய நல்லாக் குலுக்கிப் பாரு, அடியில பொண்ணு ஏதாவது ஒட்டிட்டு இருக்கும்." அடுத்த ஈற்றில் பெண் வந்தது. பால்குடி மறந்ததும் அது தெற்கே, மப்ரூகாவின் கொட்டகைக்குப் போனது.

கன்றுக்கு ஒரு வயதானபோது மறுபடியும் பெரிய ஷ்ஹீலி அடித்தது. அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்த ஜலீலாவால் வேலை செய்ய முடியவில்லை. கைபேசியை எடுத்து பெல்காஸெமுக்கு ஜௌஹராவின் மகளென்று எழுதி, மூன்றெழுத்தும் ஒரு கேள்விக்குறியும் போட்டு அனுப்பினாள். ஐன், ரே, காஃப்.

பதில் வர நேரமாயிற்று. அவர் இந்த வெயிலில் நடந்து போயிருக்க வேண்டும்.

"நீ எதைக் கேட்கிறாய் என்று நான் இந்தத் தடவை கேட்கவில்லை, மகளே. கையை வைத்தேன். எடுத்தால் சொட்டுகிறது. கன்று படுத்து அசைபோடுகிறது. உன் தங்கை என் கையைப் பிடித்து, தன் முகத்தில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்."